இந்த வரி எதற்கு?

கேள்வி: மேலூர் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, மதுரையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தேன். நான்கு ஆண்டுகளாக இங்கேயே ஒரு சிறிய நிறுவனத்தில், கடைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்குமான பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கும் வேலை. வயது 26. சென்ற மாதம், வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் தேடினால் சில பெயர்கள் வருவதில்லை என்று புகார் வந்தது. ஏ.ஐ. கருவியிடம் கேட்டேன். ‘நார்மலைஸ்’ என்ற சொல்லோடு ஒரு வரியைக் கொடுத்தது. சேர்த்தேன், சரியாகிவிட்டது. என் நிரலைச் சரிபார்த்த மூத்தவர், “இந்த வரி எதற்கு?” என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை, ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊர்த் திருவிழா பேனரில் என் அண்ணன் என் பெயருக்குக் கீழே ‘சாப்ட்வேர் இன்ஜினியர்’ என்று பெரிதாகப் போட்டிருந்தார். அதைக் கடந்து பேருந்துக்குப் போகவே கூச்சமாக இருந்தது. மூன்று ஆன்லைன் வகுப்புகளுக்குப் பணம் கட்டி மூன்றையும் பாதியில் விட்டிருக்கிறேன். நான் முதலிலிருந்து படிக்க வேண்டுமா? எந்த மொழியைக் கற்க வேண்டும்? ஏ.ஐ. கருவியை விட்டுவிட வேண்டுமா? உடன் படித்தவர்களைப் போல நானும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் இறுதியில் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு முன்னால், நீங்கள் கேள்வியாகக் கருதாமல் நடந்த சம்பவமாக மட்டும் எழுதிச் சென்ற ஒன்று இருக்கிறது, உங்கள் மூத்தவர் கேட்ட “இந்த வரி எதற்கு?” என்பது. நான் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். மற்ற நான்குக்கும் என்னால் கருத்துத்தான் சொல்ல முடியும். இதற்கு விடையே இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் ‘மதுரை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ம, து, ரை என்று மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அதே சொல் ஐந்து குறியெண்கள், அதாவது கணினி சேமிக்கும் ஐந்து எண்கள்: ம ஒன்று, த ஒன்று, உகரக் குறி ஒன்று, ர ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. அந்த எண்களைக் கோப்பில் எழுதும் பரவலான முறையான யு.டி.எஃப்-8 வடிவில் சேமிக்கும்போது தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிப்பதால், மூன்றெழுத்து மதுரைக்கு 15 பைட் ஆகிறது. யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய பகுதியில் இருப்பதே 128 இடங்கள்தாம். 247 எழுத்துக்கும் தனித்தனி எண் அதில் கிடையாது. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி, எண்கள், சில சின்னங்கள் ஆகியவற்றுக்கு எண் கொடுத்துவிட்டு, மீதியை இவற்றைக் கொண்டு கூட்டி எழுதிக்கொள்ளச் சொல்கிறது அந்த முறை. உங்கள் பிழை பிறந்தது இந்தக் கூட்டலில்தான்.

‘கோபால்’ என்ற பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது இரட்டைக்கொம்பு, ககரம், கால். இதைக் கணினியில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தையும், ஓகாரக் குறி என்ற ஒற்றைக் குறியெண்ணையும் அடுத்தடுத்து வைப்பது ஒரு வகை. ககரம், அதன்பின் ஏகாரக் குறி, அதன்பின் கால் என்று மூன்றாக வைப்பது இன்னொரு வகை. இரண்டும் திரையில் அச்சு மாறாமல் ஒரே ‘கோ’ ஆகத்தான் தோன்றும். இரண்டும் ஒன்றேதான் என்று யூனிகோடு விதியும் சொல்கிறது. ஆனால் அந்த விதியை அறியாத ஒரு நிரல் குறியெண்களை அப்படியே வரிசையாக ஒப்பிட்டால், இரண்டு எண் ஒரு பக்கம், மூன்று எண் மறுபக்கம், பொருந்தாது. கைப்பேசியில் ஒருவர் ‘கோபால்’ என்று தட்டச்சிடுகிறார். பட்டியலில் இருக்கும் கோபால் வேறொரு கோபாலாக இருக்கிறார். கருவி கொடுத்த அந்த ‘நார்மலைஸ்’ வரி, பிரிந்து கிடக்கும் ஏகாரக் குறியையும் காலையும் சேர்த்து ஒரே ஓகாரக் குறியாக்குகிறது. மூத்தவருக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் இவ்வளவுதான்.

சரி, பிரிந்த வடிவம் பட்டியலுக்குள் எப்படி வந்தது? உங்கள் தரவை நான் பார்க்கவில்லை. ஆனாலும் கூட்டுறவுச் சங்கம் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நம் ஊர் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கடைகளில் தட்டச்சு எந்திர வழக்கப்படி கொம்பை முதலில், எழுத்தை அடுத்து, காலைக் கடைசியில் அடிப்பார்கள். அன்றைய எழுத்துருக்களும் அந்த வரிசையிலேயே சேமித்தன. பின்னாளில் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய சில மாற்றிகள், கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டுக் காலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டன. பழைய உறுப்பினர் பட்டியல் எப்போதாவது அப்படி ஒரு மாற்றியின் வழியாக வந்திருந்தால், தேடலில் சிக்காதவர்கள் பெரும்பாலும் பழைய உறுப்பினர்களாகவே இருப்பார்கள். சரிபார்ப்பது எளிது. அகப்படாத பெயர் ஒன்றை எடுத்து, அதன் குறியெண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நீங்களே உங்கள் கண்ணால் பார்த்த பிறகு அது மறக்காது.

இனிமேல்தான் விஷயம் சுவைக்கத் தொடங்குகிறது. அந்த வரியை எங்கே சேர்த்தீர்கள், தேடும் சொல்லிலா, சேமித்த பெயரிலா, இரண்டிலுமா? கைப்பேசி விசைப்பலகைகள் பொதுவாகச் சேர்ந்த வடிவத்தைத்தான் தருகின்றன. எனவே தேடும் சொல்லில் மட்டும் சேர்த்திருந்தால் அது ஒன்றும் செய்திருக்காது. சரியாகிவிட்டது என்கிறீர்கள், ஆக, சேமித்த பெயர்களையும் ஒவ்வொரு தேடலின்போதும் மாற்றி ஒப்பிடுகிறீர்கள் என்று கொள்ளலாம். இருநூறு உறுப்பினர் உள்ள சங்கத்தில் யாரும் அதை உணரமாட்டார்கள். இரண்டு லட்சம் பெயர் உள்ள பட்டியலில், ஒவ்வொரு தேடலுக்கும் எல்லாப் பெயரையும் மாற்றினால், தரவுத்தளம் தன் இண்டெக்ஸை (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றது) பயன்படுத்த முடியாமல் அட்டவணை முழுவதையும் நடந்து கடக்க வேண்டும். அப்போது இன்னொரு புகார் வரும்: “தேடல் மெதுவாக இருக்கிறது.”

இன்னும் ஒன்று. ‘சௌந்தரம்’ என்று தேடிப் பார்த்தீர்களா? சொக்கநாதர் ஊரில் சௌந்தரங்களுக்கும் சௌந்தரபாண்டிகளுக்கும் பஞ்சமில்லை. ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டு பார்வைக்கு அச்சாக ளகரம் போலவே இருப்பதால், பலர் ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரத்தையே தட்டச்சிட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. உங்கள் வரி இதைச் சரிசெய்யாது. ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை இது வேறு வடிவமே அல்ல, எழுத்துப்பிழை. கௌரி, பௌர்ணமி, ஔவை எல்லாருக்கும் இதே கதிதான். உடனே, ‘கொம்பும் ளகரமும் வந்தால் ஔகாரமாக மாற்று’ என்று ஒரு விதி எழுதத் தோன்றும். எழுதினால், வெள்ளைச்சாமியின் கொம்பும் ளகரமும் ஒட்டிக்கொண்டு ஔகாரமாகி, புள்ளி மட்டும் அந்தரத்தில் நிற்கும். மேலூர்ப் பக்கத்துப் பட்டியலில் எத்தனை வெள்ளைச்சாமிகள், எத்தனை வெள்ளையம்மாள்கள் இருப்பார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

போகிற போக்கில், உங்கள் மென்பொருள் குறுஞ்செய்தி அனுப்புகிறது என்றால் அதையும் இதே கண்ணோடு பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் எழுத்து ஒன்று நுழைந்துவிட்டாலும் அது 70 ஆகிவிடும். அந்த எழுபதும் குறியெண் கணக்குத்தான். மதுரைக்கு அதில் ஐந்து போய்விடும்.

நான் இவ்வளவு நீட்டுவது பாண்டித்தியம் காட்டுவதற்காக அல்ல. உங்களைப் போலவே எனக்கும் ஒரு வரி இருந்தது. பத்தாண்டுக்கும் முன்னால், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். வேலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னையில் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்ற மிதப்பும் கொஞ்சம் இருந்தது. இரண்டாவது வாரம் கடையின் கணக்குப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். “தம்பி, விடியக்காலம் போட்ட சீட்டெல்லாம் நேத்துக் கணக்குல போயி ஒக்காந்துருக்கு. நேத்து பூவே கொண்டாராத ஆளு பேருல நேத்துத் தேதியில சீட்டு இருக்குது” என்றார்.

காரணம் உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கலாம். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதிகாலை 4:30 மணிக்கு உசிலம்பட்டி வேனிலிருந்து இறங்கிய மல்லிகைக்குப் போட்ட சீட்டு, சர்வரின் கணக்கில் முந்தைய நாள் இரவு 11 மணிக்குப் போட்டது. பகல் முழுக்க வியாபாரம் நடக்கும் ஜவுளிக்கடைக்கு இதே மென்பொருளைக் கொடுத்திருந்தால் இந்தப் பிழை பல மாதம் வெளியே தெரிந்தே இருக்காது. பூ மார்க்கெட்டின் பெரிய வியாபாரமே விடிவதற்குள் என்பதால் இரண்டு வாரத்தில் அகப்பட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தினசரி அறிக்கை எடுக்கும் இடத்தில் நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டி ஒரு வரி எழுதினேன். அறிக்கை சரியாக வந்தது. ஏன் சரியானது என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாக யோசிக்கவில்லை, எங்கும் குறித்தும் வைக்கவில்லை. மாதம் பிறந்தபோது, மாதாந்திர அறிக்கையில் முதல் தேதி அதிகாலைச் சீட்டுகள் போன மாதத்தில் கிடந்தன. அங்கும் ஐந்தரையைக் கூட்டினேன். சில மாதம் கழித்து உடன் வேலை பார்த்த ஒரு தம்பி, நல்லெண்ணத்தோடு, தரவை எடுக்கும் பொதுவான இடத்திலேயே நம் நேரத்துக்கு மாற்றிவிட்டான். இப்போது அறிக்கையில் ஐந்தரை இரண்டு முறை கூடியது. மாலை 6:30 மணிக்கு மேல் மாலை கட்டுகிறவர்கள் வாங்கிய பூவெல்லாம் மறுநாள் கணக்கில் ஏறியது. பிழையைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. கண்டுபிடித்த அந்தத் தம்பி என்னிடம் கேட்டது உங்கள் மூத்தவர் கேட்டதே: “அண்ணே, இந்த அஞ்சரை எதுக்கு?”

அதன்பிறகுதான் நான் உட்கார்ந்து முறையாகப் படித்தேன். நடந்த கணத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்க வேண்டும், மனிதருக்குக் காட்டும் இடத்தில் ஒரே ஒரு முறை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்பது பல நூல்களில் இருப்பதுதான். எல்லாம் சரிசெய்துவிட்டு, கணக்குப்பிள்ளையிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, முந்தைய இரவு 11 மணிக்கு வந்திறங்கிய வெளியூர்ச் செவ்வந்தி தப்பான நாளில் இருக்கிறது என்றார். தேதி சரியாகத்தானே இருக்கிறது என்று நான் வாதாடினேன். “மொத மூட்டை எறங்குனா நாள் பொறந்துருச்சு தம்பி. அது ராத்திரி பதினொண்ணுன்னாலும் நாளைக் கணக்குதான்” என்றார்.

அந்தக் கடையில் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை. அன்றைய பற்றுவரவை முடித்துக் கல்லாவைப் பூட்டியதும் ஒரு நாள் முடிகிறது; அதற்குப் பின் இறங்கும் முதல் மூட்டையோடு அடுத்த நாள் தொடங்குகிறது. நேரம் வேறு, ‘கணக்கு நாள்’ வேறு. நான் நேரத்திலிருந்து நாளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். அவர்களோ நாளைத் தனியாகவே வைத்திருந்தார்கள். அட்டவணையில் கணக்கு நாளுக்கென்று தனிப் பத்தி ஒன்றைச் சேர்த்து, கல்லாவைப் பூட்டுவதற்கு ஒரு பொத்தானை வைத்த பிறகு அந்தக் கடையிலிருந்து தேதி பற்றி ஒரு புகாரும் வரவில்லை. பின்னாளில் ஒரு மருத்துவமனைக்கும் ஒரு பேருந்து நிறுவனத்துக்கும் மென்பொருள் எழுதியபோது நான் முதலில் கேட்ட கேள்வி, “உங்களுக்கு நாள் எப்போது தொடங்குகிறது?” என்பதுதான். இரண்டு இடத்திலும் பதில் நள்ளிரவாக இல்லை.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். முதலிலிருந்து படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நான்கு ஆண்டு பராமரிப்பு வேலையைத் தாழ்வாக எண்ணுகிறீர்கள். புதிதாக எழுதுகிறவர்களுக்குத் தங்கள் நிரல் ஆறு மாதம் கழித்து எப்படி உடைகிறது என்று பார்க்கும் வாய்ப்பே பல நேரம் கிடைப்பதில்லை. உங்களுக்கு அது தினமும் கிடைக்கிறது. குறை ஒன்றுதான்: பிழை சரியானதும் அதை விட்டுவிட்டு அடுத்த புகாருக்குப் போய்விடுகிறீர்கள். நான் இந்த இருபது சொச்ச ஆண்டுகளில் உருப்படியாகக் கற்றதெல்லாம், பிழை சரியான பிறகும் ஏன் சரியானது என்று தெரியாமல் விடமாட்டேன் என்று உட்கார்ந்த நாட்களில் கற்றவை. அப்படிப்பட்ட நாட்கள் ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு வந்தாலே அதிகம். ஒவ்வொரு புகாருக்கும் இப்படி உட்கார முடியாது, உட்காரவும் வேண்டாம். மாதம் ஒன்று போதும்.

அதற்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிழையைத் தொடுவதற்கு முன், எதனால் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை இரண்டு வரி எழுதுங்கள். தப்பாக இருக்கட்டும். சரிசெய்த பிறகு உண்மையான காரணத்தை அதன்கீழ் எழுதுங்கள். கடைசியில், இந்தத் தீர்வு எந்த இடத்தில் தோற்கும் என்று ஓர் உதாரணம் எழுதுங்கள். உங்கள் வரிக்கு அது சௌந்தரம், என் வரிக்கு இரவு 11 மணிச் செவ்வந்தி. தமிழிலேயே எழுதுங்கள். நானும் தமிழ்வழியில் படித்தவன்தான். ஆங்கிலத்தில் எழுதினால், புரியாத இடத்தில் புத்தகத்துச் சொற்றொடரை அப்படியே ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். தமிழில் எழுதும்போது அந்த ஏமாற்று வேலை நடக்காது. புரியாதது புரியவில்லை என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும்.

பாதியில் விட்ட வகுப்புகளைப் பற்றிக் குற்றவுணர்வு வேண்டாம். பசி எடுக்காத நேரத்தில் பரிமாறியவை அவை. தரவுத்தள இண்டெக்ஸ் பற்றிய பாடத்தை, இரண்டு லட்சம் பெயர் உள்ள பட்டியல் திணறும் வாரத்தில் திறந்து பாருங்கள். ஒரே மாலையில் முடித்துவிடுவீர்கள். ஏற்கெனவே பணம் கட்டியதுதானே, அந்தப் பாடங்கள் அங்கேயே இருக்கட்டும்.

எந்த மொழி என்பது பெரிய கேள்வி அல்ல. இன்று விளம்பரத்தில் ஓடும் மொழி ஒன்றைக் கற்றால் வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும். அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தினமும் தொடும் அட்டவணைகளின் கணிதம், 1970 இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் வெளியிட்ட ஓர் ஆய்வுக்கட்டுரையிலிருந்து வருகிறது. உங்கள் வயதைப் போல இரு மடங்குக்கும் மேல் வயது அதற்கு; இன்னும் ஓய்வு பெறவில்லை. பல கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்குவதும் அதே 1970 ஜனவரி 1 இலிருந்துதான். அந்த வினாடி எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய நிரல்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8:44 மணி 7 வினாடியோடு இடம் தீர்ந்துவிடும். எழுத்து, நேரம், பணம், அட்டவணை, வலைத்தொடர்பு ஆகிய இந்த ஐந்தும் எந்த மொழிக்குப் போனாலும் உங்களோடு வரும். பணத்தைச் சொன்னதால் ஒன்று: உங்கள் பில்லிங் மென்பொருளில் ரூபாயைத் தசமப் புள்ளியோடு, மிதவைப் புள்ளி எண்ணாக (தசமங்களைத் தோராயமாக வைக்கும் முறை) சேமித்திருக்கிறார்களா என்று நாளையே பாருங்கள். 0.1 உடன் 0.2 ஐக் கூட்டச் சொன்னால் அந்த முறை 0.30000000000000004 என்று சொல்லும். பைசாவை முழு எண்ணாகவோ, தரவுத்தளத்தின் துல்லியமான தசம வகையிலோ வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் உங்கள் நோட்டின் அடுத்த பக்கம் தயார்.

ஏ.ஐ. கருவியை விட வேண்டாம். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அது உங்களுக்குச் சரியான வரியைத்தான் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். தவறான வரியைக் கொடுத்திருந்தாலும் அன்று உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அந்தக் கலக்கம் நியாயமானது. எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் நோட்டில் உங்கள் ஊகம், பிறகு கருவி. அது தரும் வரியை ஒட்டுவதற்கு முன், அந்த வரி இல்லாமல் என்ன நடக்கிறது, இருந்தால் என்ன மாறுகிறது என்று உங்கள் பட்டியலிலிருந்தே நான்கு பெயரை வைத்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் சங்கத்தில் வெள்ளைச்சாமி இருக்கிறார் என்பது நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. பூக்கடைக்கு நாள் எப்போது பிறக்கிறது என்பதும் அப்படித்தான். அதற்கு மாட்டுத்தாவணிக்குப் போய் நிற்க வேண்டும்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை; தமிழ்வழி என்று எழுதிய இடத்தில் உங்கள் தயக்கம் தெரிந்தது. கூட்டத்தில் பேசும் ஆங்கிலம் வேறு, தொழில்நுட்ப ஆவணத்தின் ஆங்கிலம் வேறு. பின்னது சில நூறு சொற்களையே திரும்பத் திரும்பப் புழங்குகிறது. நீங்கள் பயன்படுத்தும் மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் ‘நார்மலைஸ்’ பற்றிய பக்கத்தை மட்டும் அகராதியோடு உட்கார்ந்து படியுங்கள். முதல் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். பத்தாவது பக்கத்தில் அகராதி தேவைப்படாது. வீட்டில் இடமோ அமைதியோ இல்லையென்றால், 2023 இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் புதுநத்தம் சாலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே உட்கார்ந்து படிக்கும் இளைஞர் கூட்டத்தைப் பார்த்தாலே படிக்கத் தோன்றும்.

ஊரை விட்டுப் போவது பற்றி. சம்பளத்துக்காகப் போகிறேன் என்றால் அது நேர்மையான காரணம். வீட்டு வாடகையையும் வாரக்கடைசிப் பயணச் செலவையும் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள், மீதி நன்றாக இருந்தால் தாராளமாகப் போங்கள். கற்றுக்கொள்வதற்காகப் போக வேண்டுமா என்றால், நான் ஊரைப் பார்க்கமாட்டேன். என் நிரலை வரிவரியாகப் படித்து ‘இது எதற்கு?’ என்று கேட்கிற ஆள் அங்கே இருக்கிறாரா என்று பார்ப்பேன். பெரிய நகரத்தில், பெரிய கட்டடத்தில் ஆறு ஆண்டு வேலை பார்த்தும் தன் நிரலை யாரும் ஒரு முறைகூடப் படித்ததில்லை என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் அரசின் எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்த பிறகு மதுரையிலேயே நிறுவனம் மாறும் வாய்ப்பும் முன்பைவிடக் கூடியிருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தின்படி, அப்படிக் கேட்கிற ஒருவர் உங்களுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறார். அவர் திட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அங்கே இருக்கும்வரை நான் உங்கள் இடத்தில் இருந்தால் நகரமாட்டேன். அவர் போய்விட்டால், அல்லது அவர் இடத்தில் ‘ஓடுதுல்ல, விடு’ என்கிற ஒருவர் வந்துவிட்டால், அப்போது மறுபடி யோசிப்பேன்.

பேனர் விஷயத்தில் அண்ணனோடு சண்டை போடாதீர்கள். நம் ஊர் பேனரில் அதைவிடப் பெரிய பட்டங்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது.

மூத்தவருக்கு நீங்கள் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறீர்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். ஒரு தாளில் கோபால், சௌந்தரம், வெள்ளைச்சாமி என்ற மூன்று பெயரையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அதன் குறியெண்களை எழுதிக்கொண்டு, தேநீர் நேரத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். முதல் பெயருக்கு நீங்கள் விளக்கம் சொல்லுங்கள்; மற்ற இரண்டுக்கும் அவர் என்ன விதி எழுதுவார் என்று கேளுங்கள். ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த விதியானாலும் தேடலுக்கென்று அட்டவணையில் தனியாக ஒரு பத்தியை வைத்து அதில் மட்டும் மாற்றுங்கள். உறுப்பினர் எழுதிக் கொடுத்த பெயரைத் தொடாதீர்கள். நான் தொட்டிருக்கிறேன். ளகரத்தை அடுத்து வேறு குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் மட்டும் ஔகாரமாக்கு என்று வெள்ளைச்சாமியைக் காப்பாற்றும் விதி ஒன்றை எழுதி, ஒரு கடைப் பட்டியல் முழுவதையும் ஒரே இரவில் ‘திருத்தி’விட்டேன். விளக்குத்தூண் பக்கத்துக் கடை ஒன்றைப் பேச்சு வழக்கிலேயே ‘வெளக்குத்தூண்’ என்று பதிந்திருந்தார்கள். அதன் முதலெழுத்து என் விதியால் ஔகாரமாகி, அகரவரிசையில் வகரத்தின் கடைசிக்குப் போய்விட்டது. திரையில் எழுத்து துளியும் மாறவில்லை. ‘வெங்கடேசன்’ இருக்கும் பக்கத்தில் அந்தக் கடையைத் தேடித் தேடி, கடையை நான் அழித்துவிட்டதாகவே அந்த அலுவலகத்து எழுத்தர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.